ஓநாய் வந்த ஊரில் மேய்ப்பவரும் காட்டுக்காரரும் (நிலத்துக்காரரும்) மறுபடி உட்கார்ந்து பேச என்ன வழி?

கரட்டுக்காடு எழுதியது:

எங்கள் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம் வேப்பனப்பள்ளிப் பக்கம். ஆந்திரா, கர்நாடகா இரண்டு எல்லையும் கிட்டத்தில். ஊர்ப் பெயரை இங்கே போடப் போவதில்லை, யாரும் கேட்க வேண்டாம். பெயர் வெளியே போனால் கேமராவோடு ஆட்கள் வந்து இறங்கிவிடுவார்கள். இப்போது இருக்கிற சூட்டில் அது ஊருக்கும் நல்லதில்லை, அந்த ஜீவன்களுக்கும் நல்லதில்லை.

மாசி பிறந்ததிலிருந்து கரட்டடி (சிறு பாறைக்குன்றின் அடி) புறம்போக்கில் ஒரு ஜோடி ஓநாய் நடமாடுகிறது. ஆடு மேய்ப்பவர்கள் பலரும் பார்த்திருக்கிறார்கள். நானும் ஒரு விடியலில் கடலைக்காட்டு வரப்பிலிருந்து பார்த்தேன். நாயைவிட நீளமான கால், தொங்கின வால், நடையில் ஒரு அவசரமும் இல்லை. அதிலிருந்து ஆட்டுக்குட்டிகள் போய்க்கொண்டிருக்கின்றன.

நான் கேட்க வந்தது ஊரைப் பற்றி. ஊர் இரண்டாகிக் கிடக்கிறது. இங்கே குரும்பர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஆடு வளர்க்கிறவர்கள். அறுவடை முடிந்த காட்டில் (விளைநிலத்தில்) ராத்திரி ஆட்டை அடைத்துக் கிடை போடுவார்கள், புழுக்கை உரமாகும். காட்டுக்காரர் ராத்திரிக்கு இவ்வளவு என்று பணமோ ராகியோ கொடுப்பார். கிடை கிடந்த காட்டுக்கு அடுத்த போகத்தில் மூட்டை உரம் பாதிகூடத் தேவைப்படாது. இந்த வருடம் காட்டுக்காரர்கள் பலர் "உன் ஆட்டைத் தேடி ஓநாய் என் வீட்டு வாசலுக்கு வரும், கிடை வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். மேய்ப்பவர்களுக்கு ஆடும் போச்சு, கிடைக்காசும் போச்சு. இதற்கு நடுவில் ஊர்ப் பையன்கள் சிலர் டிரோன் விட்டுப் படம் எடுத்துப் போட்டார்கள். உடனே "வனத்துறைக்கு எங்களைக் காட்டிக் கொடுக்கிறீர்களா" என்று மேய்ப்பவர்கள் கொதித்தார்கள். போன வாரம் உரக்கடையில் ஒருவர் குருணை மருந்து (பயிருக்குப் போடுகிற பூச்சி விஷம்) கேட்டிருக்கிறார். பயிர் எதுவும் இல்லாத நேரத்தில் குருணை எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்துக்குக்கூட ஒரு பக்கம் வரவில்லை. இரண்டு பக்கத்தையும் உட்கார வைக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தளி ராகி எழுதியது:

அண்ணா, எங்களுக்கு யானை. ஐப்பசி, கார்த்திகை ஆனால் பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து கூட்டமாக இறங்கி ஜவளகிரி, தளி, சானமாவு என்று வந்துவிடும். ராகி கதிர் பிடிக்கிற நேரம் பார்த்து வரும். ஓநாயைப் பற்றி எனக்குத் தெரியாது. ஊர் இரண்டாவது எப்படி என்று நன்றாகத் தெரியும்.

முதலில் ஒன்று. "பிடித்துக் கொண்டுபோய் வேறு காட்டில் விடு" என்று யாராவது சொன்னால் 2023ஐ ஞாபகப்படுத்துங்கள். பாலக்கோடு பக்கம் சுற்றின மக்னா யானையை (தந்தமில்லாத ஆண் யானை) அந்தப் பிப்ரவரியில் பிடித்து ஆனைமலையில் கொண்டுபோய் விட்டார்கள். அது அங்கே நிற்கவில்லை. நடந்தே கோயம்புத்தூர் ஓரம் வரை வந்துவிட்டது. அதே மாதத்தில் மறுபடி பிடிக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று மாரண்டஹள்ளி. அடுத்த மாதமே, 2023 மார்ச்சில், திருட்டு மின்வேலியில் மூன்று பெண் யானைகள் செத்துக் கிடந்தன. இரண்டு குட்டிகள் தாய்களைச் சுற்றி நின்றதை ஊரே பார்த்தது. வேலி போட்டவர் ஜெயிலுக்குப் போனார். அந்த ஆளை நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் ஒருத்தர் கம்பியில் கரண்டு விடுகிற அளவுக்குப் போகும் முன்னால் எத்தனை ராத்திரி தனியாகக் கத்தியிருப்பார், யார் வந்து கேட்டார்கள் என்று நான் நினைத்துப் பார்க்கிறேன். உங்கள் ஊர்க் குருணை விஷயமும் அதுதான். உரக்கடையில் கேட்டவரைப் போலீசில் சொல்வதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போங்கள். அவரிடம் எத்தனை குட்டி போச்சு என்று கேளுங்கள். வேறெதுவும் பேச வேண்டாம்.

புல்வெளி நேசன் எழுதியது:

நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன், ஓய்வு நாளில் பறவை, விலங்கு பார்க்கப் போவேன். ஒரு விஷயம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய ஓநாய் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. கொன்றால் 3 முதல் 7 வருடம் வரை சிறை. நாடு முழுக்கச் சுமார் மூவாயிரம்தான் மிச்சம். புலியைவிடக் குறைவு என்றுகூடச் சொல்லலாம், ஆனால் புலிக்கு இருக்கிற காப்பகம் இதற்குக் கிடையாது. வறண்ட புல்வெளியும் முள்காடும்தான் அதன் வீடு. அரசுக் கணக்கில் அது "தரிசு". கர்நாடகாவில் கொப்பள் மாவட்டம் பங்காபுரத்தில் ஓநாய்க்கென்றே சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். ஜார்க்கண்டில் மகுவாடாண்டில் 1976இலிருந்தே இருக்கிறது. நம் மாவட்டத்தில் ஒரு ஜோடி இருக்கிறது என்றால் அது நமக்குக் கிடைத்த பாக்கியம். காப்பாற்றியே ஆக வேண்டும்.

பட்டிக்காரர் மகன் எழுதியது:

பாக்கியம் என்று எழுதினவர் ஒரு ராத்திரி எங்கள் பட்டியில் வந்து படுத்துப் பார்க்கட்டும்.

நான் ஓசூரில் கம்பெனியில் வேலை, அப்பா இன்னும் ஊரில் ஆட்டோடு இருக்கிறார். இந்த இழையில் சொல்கிற ஊர் எங்கள் ஊர்தான். மூவாயிரம் ஓநாய் என்று கணக்கு வைத்திருக்கிறீர்கள். எங்கள் மந்தையில் எத்தனை குட்டி போச்சு என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு ஓட்டிப்போனால் நாலு மாதக் குட்டிக்கு ஆறாயிரம், ஏழாயிரம் தாராளமாக வரும். என் தங்கச்சி காலேஜ் பீஸ் அதிலிருந்துதான்.

இழப்பீடு இருக்கிறதே என்பீர்கள். வன விலங்கு ஆட்டைக் கொன்றால் பணம் உண்டு, சரி. அதற்குத் தகவல் சொல்ல வேண்டும், வனத்துறை ஆள் வந்து பார்க்க வேண்டும், கால்நடை மருத்துவர் சான்று வேண்டும். எல்லாவற்றுக்கும் செத்த ஆடு கண்ணெதிரே கிடக்க வேண்டும். சிறுத்தை அடித்தால் உடல் கிடக்கும். ஓநாய் குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விடுகிறதே, எதைக் காட்டுவது? அப்பா ஒரு அலுவலகத்துக்குப் போனார். "நாய் தூக்கியிருக்கும் பெரியவரே, போய் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஐம்பது வருடம் ஆடு மேய்த்தவருக்கு நாய்க்கும் ஓநாய்க்கும் வித்தியாசம் தெரியாதாம். அன்றிலிருந்து அவர் யாரிடமும் பேசுவதில்லை. ஆடு போன வலியைவிட அந்த வார்த்தைதான் அவருக்கு வலி.

மாட்டு டாக்டர் (ஓய்வு) எழுதியது:

பெரியவர் சொன்னதை நான் நம்புகிறேன் தம்பி. தர்மபுரி மாவட்டத்தில் பல வருடம் வேலை பார்த்தவன், எதை எது கடித்தது என்று பார்த்துப் பழகினவன் என்பதால் கொஞ்சம் எழுதுகிறேன்.

நாய்க்கூட்டம் புகுந்தால் ஒரே ராத்திரியில் நிறைய ஆடு கடிபடும். பின்னங்கால், தொடை, காது, அடிவயிறு என்று கண்டபடி குதறியிருக்கும். பல ஆட்டைத் தின்றே இருக்காது. காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் இரண்டு மூன்று வருடமாக ஆட்டுக்காரர்கள் ரோட்டில் உட்கார்ந்து போராடுவது இதற்காகத்தான். சிறுத்தை கழுத்தைப் பிடிக்கும், மறைவுக்கு இழுத்துப்போகும். செந்நாய் மலைக்காட்டை விட்டு இவ்வளவு வெளியே வருவது அபூர்வம். ஓநாய் ஒன்றைக் குறிவைத்து எடுக்கும். குட்டியாக இருந்தால் தூக்கிக்கொண்டு போயே போய்விடும். ரத்தச் சொட்டும் கால்தடமும்தான் மிஞ்சும்.

மாசி, பங்குனியில் ஏன் இவ்வளவு இழப்பு என்பதற்கும் காரணம் உண்டு. தக்காணத்தில் ஓநாய் பெரும்பாலும் மார்கழி, தை வாக்கில் குட்டி போடும். மாசி, பங்குனியில் குட்டிகள் வளைக்கு வெளியே வந்து கறி கேட்கும். வறட்சியில் முயலும் எலியும் குறைவு, நம் பக்கம் மானும் இல்லை. அதே சமயம் நம் ஆடுகளும் குட்டி போட்டிருக்கும். குட்டிகள் நடக்கத் தெரிந்த பிறகு அவை ஒரே இடத்தில் கட்டிப்போட்ட மாதிரி நிற்காது, அலைய ஆரம்பிக்கும். அதாவது இந்த மூன்று, நாலு மாதம்தான் கடினம். அதுவரை குட்டிகளை மேலே மூடின கூண்டில் அடையுங்கள். படலை முழங்கால் உயரத்துக்குக் கட்டிவிட்டுப் பத்திரம் என்று நினைக்க வேண்டாம், ஓநாய் தாண்டும்.

ஒன்றைப் பயத்தோடு சொல்கிறேன். குருணை வைத்தால் ஓநாய்தான் தின்னும் என்று யார் உத்தரவாதம்? பட்டி நாய் தின்னும், கழுகு தின்னும், ஊர் நாய் தின்றுவிட்டுக் குட்டையில் போய் வாந்தி எடுக்கும், அந்தக் குட்டையில் ஆடு தண்ணி குடிக்கும். அப்படி ஒரு மந்தை போனதை நான் என் கையால் அறுத்துப் பார்த்திருக்கிறேன்.

அரூர் அக்கா எழுதியது:

நான் அங்கன்வாடியில் இருக்கிறேன். ஆட்டைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். 2024இல் உத்தரப் பிரதேசம் பஹ்ரைச்சில் என்ன நடந்தது என்று டிவியில் பார்த்தோமே? ஓநாய் தூக்கிப்போனது குழந்தைகளை. 1996லும் அதே மாநிலத்தில் நடந்திருக்கிறது. எங்கள் ஊரில் இப்படி ஒன்று வந்தால் நான் முதல் ஆளாகக் கல் எடுப்பேன். தப்பாக நினைக்க வேண்டாம், பயத்தை மறைத்துவிட்டு எழுதத் தெரியவில்லை.

மாட்டு டாக்டர் (ஓய்வு) எழுதியது:

தப்பே இல்லை அம்மா. அந்தப் பயத்தை யாரும் சின்னதாகப் பேசக் கூடாது. அங்கே செத்தது நிஜக் குழந்தைகள். பெரும்பாலும் கதவில்லாத வீட்டிலும் வெளித்திண்ணையிலும் தாயோடு தூங்கின குழந்தைகள். அரசு அங்கே ஒரு தனி நடவடிக்கையே எடுத்து அந்தக் கூட்டத்தைப் பிடித்தது. மனிதரைக் குறிவைக்கிற ஓநாய் வந்தால் அதை அப்புறப்படுத்தத்தான் வேண்டும், சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது.

ஆனால் மகாராஷ்டிராவிலும் வட கர்நாடகாவிலும் தனகர்களும் குருபர்களும் ஓநாய்க்கு நடுவில்தான் காலகாலமாகக் கிடை போடுகிறார்கள், அவர்கள் பிள்ளைகளும் அந்தக் கிடையிலேயே வளர்கிறார்கள். அங்கே ஆடு போகிறது, பிள்ளை போவதில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது வெறிநோய். வெறி பிடித்த ஓநாய் நாயைவிட மோசமாகக் கடிக்கும், முகத்தையும் தலையையும் கடிக்கும். அது ஊர் நாயிடமிருந்துதான் போகிறது. ஊர் நாய் அத்தனைக்கும் தடுப்பூசி போட்டால் குழந்தைக்கும் பாதுகாப்பு, ஓநாய்க்கும் பாதுகாப்பு. அரசுக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், முகாம் போடச் சொல்லி மனு கொடுங்கள்.

கடல் தாண்டின பாலக்கோடு எழுதியது:

நான் பாலக்கோட்டில் பிறந்து இப்போது அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறேன். இங்கே ஓநாய்ச் சண்டை எங்கள் பக்கத்துத் தண்ணிச் சண்டை அளவுக்கு இருக்கும், அதனால் எழுதுகிறேன்.

இந்த மாநிலத்தில் ஓநாயை ஒரு காலத்தில் முழுக்க அழித்துவிட்டார்கள். கனடா, ஐடஹோ பக்கமிருந்து தானாகத் திரும்பி வந்தது. மாடு வளர்ப்பவர்கள், வேட்டைக்காரர்கள், ஓநாய் ஆர்வலர்கள் எல்லோரையும் சேர்த்து அரசு ஒரு ஆலோசனைக் குழு வைத்தது. ஆரம்பத்தில் கூட்டம் போட்டால் அடிதடி வராத குறை. 2015இல் பிரான்சின் மேடன் என்ற அம்மாவை நடுவராகக் கொண்டுவந்தார்கள். அவர் வழி எனக்குப் பிடித்திருந்தது. எந்தச் சண்டையிலும் மூன்று அடுக்கு இருக்கிறதாம். மேலே தெரிகிறது இன்றைய வழக்கு. அதற்குக் கீழே தீராமல் கிடக்கிற பழைய மனத்தாங்கல். அதற்கும் கீழே "நான் யார், என்னை மதிக்கிறாயா" என்கிற விஷயம். மேல் அடுக்குக்கு மட்டும் இழப்பீடு, வேலி என்று தீர்வு கொடுத்தால் அது நிற்காது, கீழே இருப்பது வேறு பெயரில் மறுபடி வரும். பெரியவரிடம் "நாய் தூக்கியிருக்கும்" என்று சொன்னார்களே, அது மூன்றாவது அடுக்கு.

அந்தக் குழுவும் லேசாகத் தப்பிக்கவில்லை. 2016இல் மாடுகளை அடித்த ஒரு கூட்டத்தை அரசே சுட்டபோது கொலை மிரட்டல்வரை போனது. ஆனாலும் குழு உடையவில்லை, ஒரே மேஜையில் உட்கார்ந்து விதிகளை எழுதினார்கள். கொலராடோவில் நேர் எதிர். 2020இல் ஓநாயைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று ஓட்டெடுப்பு வைத்தார்கள். நகரத்து ஓட்டில் நூற்றுக்கு 51கூட இல்லாமல் ஜெயித்தது, ஓநாயோடு வாழப்போகிற மலைப்பக்கத்து மாவட்டங்கள் பெரும்பாலும் எதிர்த்து ஓட்டுப் போட்டன. 2023 டிசம்பரில் பத்து ஓநாய்களை விட்டார்கள். ஒரு மாட்டுக்கு 15,000 டாலர்வரை இழப்பீடு உண்டு. இன்றுவரை கசப்பு தீரவில்லை. பணம் குறைவு என்பதால் வந்த கசப்பில்லை அது. தங்களைக் கேட்காமல் ஊரான் முடிவு செய்தான் என்கிற கசப்பு.

கரட்டுக்காடு, உங்கள் ஊரில் இரண்டாவது அடுக்கு என்ன? ஓநாய்க்கு முன்னால் இருந்த சண்டை எது?

பட்டிக்காரர் மகன் எழுதியது:

நான் சொல்கிறேன். தடம்.

ஏரிக்கு ஆட்டை ஓட்டிப்போக ஒரு தடம் இருந்தது. தாத்தா காலத்திலிருந்து இருந்தது. மாந்தோப்பு வைத்தவர் ஒருவர் கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டார். பட்டாவில் தடம் இல்லை என்கிறார். ஊர்க்கூட்டத்தில் எங்கள் பெரியவர்கள் கேட்டபோது "ஆட்டுக்காரனுக்கெல்லாம் பாதை கேட்கிற அளவுக்கு ஆச்சா" என்று ஒருவர் சொன்னார். அதற்குக் கோபப்பட்டு எழுந்து வந்தோம். அதிலிருந்து கரட்டைச் சுற்றித்தான் ஏரிக்கு ஓட்டிப்போகிறார் அப்பா.

தளி ராகி எழுதியது:

கொஞ்சம் பொறுங்க தம்பி. கரட்டைச் சுற்றித்தான் என்றால், ஓநாய் குட்டி போட்டிருக்கிற கரடா அது?

பட்டிக்காரர் மகன் எழுதியது:

அதே கரடு.

கரட்டுக்காடு எழுதியது:

இதை எங்கள் ஊரில் யாருமே சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. தடம் வழக்கு தனி, ஓநாய் வழக்கு தனி என்றே பேசிக்கொண்டிருந்தோம். வேலி போட்டதால் மந்தை தினமும் இரண்டு வேளை குட்டி போட்ட ஓநாயின் வாசல் வழியாகப் போய்வருகிறது. மேய்ச்சலில் போன குட்டிகள் எல்லாம் அந்தச் சுற்றில்தான் போயிருக்கின்றன. வேலி போட்டவர் எனக்குப் பங்காளி முறை. அவரிடம் நான் பேசுகிறேன்.

புல்வெளி நேசன் எழுதியது:

தம்பி, உங்கள் அப்பா சொன்னதை ஒரு வார்த்தையும் விடாமல் படித்தேன். பட்டியில் வந்து படுக்கச் சொன்னீர்கள், நீங்கள் கூப்பிட்டால் வருகிறேன். எங்கள் குழுவில் இடம் தெரிகிற படங்கள் அத்தனையும் நீக்கச் சொல்லியாகிவிட்டது, டிரோன் இனி அந்தப் பக்கம் வராது.

எனக்குத் தெரிந்த இரண்டு இடத்தைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவுமா பாருங்கள். இமாசலத்தில் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் கிப்பர் என்ற ஊரில், பனிச்சிறுத்தையும் ஓநாயும் அடிக்கிற கால்நடைக்கு ஊரே ஒரு காப்பீட்டு நிதி நடத்துகிறது. கால்நடைக்காரர் கொஞ்சம் போடுகிறார், வெளியிலிருந்து கொஞ்சம் வருகிறது. எந்த உருப்படி போச்சு, எதனால் போச்சு என்று தீர்ப்பு சொல்வது ஊர்க்குழு. ஊருக்குள் யார் பொய் சொல்கிறார் என்று ஊருக்குத் தெரியும்.

அடுத்தது லடாக்கில் சுஷூல். அங்கே ஓநாய் பிடிக்கக் கல்லால் கட்டின குழிகள் உண்டு, ஷாங்டோங் என்பார்கள். உள்ளே ஆட்டைக் கட்டுவார்கள், குதித்த ஓநாய் ஏற முடியாது, கல்லால் அடித்துக் கொல்வார்கள். 2018இல் ஊரார் அந்தக் குழிகளின் சுவரில் ஒரு பக்கம் திறந்து ஓநாய் வெளியேற வழி விட்டார்கள், பக்கத்தில் ஒரு ஸ்தூபி கட்டினார்கள். குழியை இடித்துத் தள்ளவில்லை, அது அவர்கள் முன்னோர் கட்டினது. வெளியாள் யாரும் "கொடுமை" என்று அங்கே போய்ச் சத்தம் போடவில்லை. பட்டிக்கு நல்ல அடைப்புக் கட்டிக் கொடுத்தார்கள், பல காலம் பேசினார்கள், முடிவை ஊர் எடுத்தது.

அரூர் அக்கா எழுதியது:

ஊர்க்குழு என்று சொல்லும்போது ஆண்கள் மட்டும் உட்கார்ந்து முடிக்காதீர்கள். ராத்திரி குட்டிக்குப் பால் காட்டுவதும் பட்டி கூட்டுவதும் யார்? எந்தக் குட்டி எந்த ஆட்டுக்குப் பிறந்தது, எத்தனை நாள் ஆச்சு, எல்லாம் பெண்களுக்குத்தான் தெரியும். கணக்கு நோட்டை மகளிர் குழுவிடம் கொடுங்கள். நாங்கள் வட்டிக் கணக்கே தப்பாமல் வைக்கிறோம், குட்டிக் கணக்கு வைக்க மாட்டோமா?

கல் எடுப்பேன் என்று எழுதினதை வாபஸ் வாங்கவில்லை. நாய்த் தடுப்பூசி முகாமுக்கு மட்டும் எங்கள் ஊரில் மனு எழுத ஆரம்பித்துவிட்டேன்.

ஊத்தங்கரை வாசி எழுதியது:

எல்லாம் சரி, ஒரு சந்தேகம். ஓநாயா நாயா என்று பார்க்காமல் ஊர் நிதியிலிருந்து பணம் கொடுத்தால், நோயில் செத்த குட்டிக்கும் ஓநாய் என்று சொல்லி வாங்க மாட்டார்களா? குறை சொல்ல வரவில்லை. நிதி காலியானால் முதலில் பழி மேய்ப்பவர்கள் தலையில்தான் விழும்.

மாட்டு டாக்டர் (ஓய்வு) எழுதியது:

நியாயமான கேள்வி. என் எண்ணம் இது. ஒரு குட்டி பிறந்த அன்றே நோட்டில் ஏறட்டும், காதில் ஒரு அடையாளம் போடட்டும். செத்தால் உடல் இருக்கும், நான் வந்து பார்க்கிறேன், இலவசமாக. உடல் இல்லாமல் காணாமல் போனால் அன்று ராத்திரியே பக்கத்து இரண்டு வீட்டுக்காரர் கையெழுத்து. நாய் தூக்கினாலும் ஓநாய் தூக்கினாலும் ஒரே தொகை. எந்த விலங்கு என்று வழக்காட ஆரம்பித்தால் பெரியவர் மறுபடியும் பொய்யர் ஆகிவிடுவார், அந்த இடத்துக்கே திரும்ப வந்துவிடுவோம். முழு விலை வேண்டாம், பாதி விலை போதும். ஆனால் ஒரு வாரத்துக்குள் கைக்கு வர வேண்டும். ஆறு மாதம் கழித்து வருகிற முழு விலையைவிடச் சந்தை நாளுக்கு முன்னால் வருகிற பாதி விலை குருணையைத் தடுக்கும். அரசு இழப்பீட்டுக்கு உடல் கிடைத்த இடத்தில் தனியாக மனு போடட்டும், வருவது நிதிக்குத் திரும்பட்டும்.

கரட்டுக்காடு எழுதியது:

எல்லோருக்கும். கூட்டம் நடந்தது, என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

முதலில் குருணை கேட்டவர் வீட்டுக்கு நானும் ஊர்க்கவுண்டரும் போனோம். தளிக்காரர் சொன்ன மாதிரி எத்தனை குட்டி போச்சு என்று மட்டும் கேட்டோம். அவர் ஒவ்வொரு குட்டியாக, நிறம், தாய் எல்லாம் சொன்னார். அவர் வீட்டம்மா உள்ளே போய்க் குருணைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை, எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

கூட்டம் அரசமரத்தடியில். துறை ஆட்களை முதல் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. பட்டிக்காரர்தான் முதலில் பேசினார், முடிக்கிறவரை குறுக்கே பேசக் கூடாது என்று ஊர்க்கவுண்டர் சொல்லிவிட்டார். அவர் ஓநாயைப் பற்றி இரண்டு வார்த்தைதான் பேசினார். மிச்சம் முழுக்கத் தடம், ஊர்க்கூட்டத்தில் கேட்ட அந்த வார்த்தை, கிடை வேண்டாம் என்று வாசலிலேயே நிறுத்திச் சொன்னது. அந்த வார்த்தை சொன்னவர் அங்கேயே இருந்தார். எழுந்து பட்டிக்காரரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை, எங்கள் பக்கம் பெரியவர்கள் கேட்கவும் மாட்டார்கள். எல்லோருக்கும் புரிந்தது.

முடிவானது: தோப்பு ஓரமாக ஆடு போகிற அகலத்துக்குத் தடம் விடுவது, மாங்காய் இறக்குகிற மாதங்களில் காலையில் ஒரு வேளை மட்டும். கரட்டுப் பக்கம் ஆடி வரை யாரும் மந்தை ஓட்டுவதில்லை. கிடை போடுகிற காட்டுக்காரர் ஒவ்வொருவரும் ராத்திரிக்கூலியோடு ஒரு சிறு தொகை நிதிக்குப் போடுவது, மேய்ப்பவர் ஆட்டுக்கு இவ்வளவு என்று போடுவது. நோட்டு மகளிர் குழுவிடம். செத்த கோழி, பண்டிகைக் கழிவு எதையும் ஏரிக்கரையில் கொட்டுவதில்லை, அதுதான் நாய்க்கூட்டத்தையும் வளர்க்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வனவரைக் கூப்பிட்டுக் காணாமல் போன குட்டிக்கு எப்படிச் சான்று தருவது என்று எழுத்தில் கேட்பது.

முடியாதது: இரண்டு காட்டுக்காரர்கள் இன்னும் கிடைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் சின்னக் குழந்தைகள், பயம். அவர்களை யாரும் வற்புறுத்தக் கூடாது என்று பட்டிக்காரரே சொன்னார். ஓநாய் இருக்கட்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்றும் நான் எழுத மாட்டேன். "இந்த வருடம் பார்க்கலாம்" என்றார்கள். எனக்கு அது போதும்.

பட்டிக்காரர் மகன் எழுதியது:

அப்பா அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார் என்று அம்மா போனில் சொன்னார். புல்வெளி நேசன் அண்ணா, சனிக்கிழமை வாங்க. கூண்டுக்கு மேல்மூடி பின்ன வேண்டும், மூங்கில் ராயக்கோட்டையிலிருந்து வருகிறது. இரண்டு கை கூட இருந்தால் ஒரே நாளில் முடியும்.

புல்வெளி நேசன் எழுதியது:

வருகிறேன் தம்பி. இன்னும் மூன்று பேரைக் கூட்டி வரலாமா? கேமரா இல்லாமல்.

பட்டிக்காரர் மகன் எழுதியது:

கூட்டிட்டு வாங்க. விடியற்காலை பஸ்ஸைப் பிடியுங்கள், வெயிலுக்கு முன்னால் ஆரம்பிக்க வேண்டும். கட்டுக்கம்பி நாலு கிலோ வரும்போது வாங்கி வந்தால் நல்லது, காசு நிதியிலிருந்து கொடுத்துவிடுவோம்.